கடுகு வெடிக்காத சந்து

பினாங்கில் கப்பலேறி, ஒரு வாரம் வாந்தி எடுத்து, மெட்ராஸில் இறங்கியவனுக்கு அவர்கள் கொடுத்த முதல் வேலை தெருவில் நடப்பது. ஈப்போவில் பதினெட்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சுகாதார இன்ஸ்பெக்டர் என்றால் வேறென்ன? சாக்கடையைப் பார், தொட்டித் தண்ணீரில் கொசுப்புழுவைப் பார், சீனன் காப்பிக் கடையின் பின்கட்டைப் பார். அதையே இங்கே மூன்று மாதப் பயிற்சி என்றார்கள். நாற்பத்தோரு வயதில் நடக்கக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று மனைவிக்குக் கடிதம் போட்டேன்.

இதெல்லாம் நடந்து வெகு நாளாகிறது. விலாசத்தில் மெட்ராஸ் ராஜ்யம் என்றே எழுதிக்கொண்டிருந்த காலம். பயிற்சி கொடுத்த டாக்டர் கெட்டிக்காரர், ஆனால் சிடுமூஞ்சி. மேஜைமேல் ஒரு வரைபடத்தை விரித்து அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றையும் சேர்த்துப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.

"இதுக்குள்ள எங்கேயோ பெரியம்மை ஒளிஞ்சிருக்கு. போன வாரம் ஒருத்தன் முத்துப் போட்டு வந்து செத்துப்போனான். எந்த ஊர்னு சொல்லாமலே போயிட்டான். நீங்க போய்க் கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. அதனால கேக்காதீங்க. நடங்க, பாருங்க, மோந்து பாருங்க. ஒரே ஒரு வீட்டைக் கண்டுபிடிச்சாப் போதும், அந்தத் தெரு முழுக்க அம்மை குத்திடலாம். விட்டுட்டா அடுத்த மாசம் செத்த குழந்தைங்களைத்தான் எண்ணணும்."

ஐந்து நாள் கொடுத்தார். வேப்பிலை செருகிய வாசலைக் கவனி என்றும் சொன்னார். அந்த மாதம் ஆடி என்பது அவருக்கு நினைவில்லை, எனக்கும் இல்லை.

முதல் நாள் பூந்தமல்லி லாட்ஜிலிருந்து கிளம்பிக் குமணன்சாவடியில் பஸ் மாறுவதற்குள் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. பெங்களூர் லாரிகள் கிளப்பிய புழுதியில் நின்றபடி இரண்டு பன்னும் ஒரு டீயும் சாப்பிட்டேன். டீ என்றால் பாலில் காய்ச்சிய சர்க்கரை. அடுத்த பஸ் ரோட்டோரம் ஓர் ஆலமரத்தடியில் இறக்கிவிட்டுப் போனது. அங்கிருந்து அயனம்பாக்கத்துக்கு நடை. பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. அந்த ஐந்து நாளும் அதை ஒரு சணல் கயிற்றால் கட்டித்தான் நடந்தேன். செருப்புத் தைப்பவரை நான் பார்த்தபோதெல்லாம் பஸ்ஸுக்குள் இருந்தேன்.

எனக்கு வழி காட்ட ஒரு பெண்மணியை ஏற்பாடு செய்திருந்தார்கள். பெயர் கன்னியம்மா. அந்தப் பக்கத்துப் பிரசவ விடுதியில் ஆயா வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். முகம் முழுக்க சின்ன வயதில் வந்த அம்மைத் தழும்பு. என் பேச்சைக் கேட்டுத் தலையைச் சாய்த்தாள்.

"இன்னா சார், சிலோனா?"

"இல்லம்மா, மலாயா."

"அங்க தமிழு பேசுவாங்களா? நீ பேசறது பொஸ்தகத்தப் படிக்கிற மாரியே கீது."

எங்கள் தோட்டத்தில், கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில், என்னை வாயாடி என்பார்கள். இங்கே புத்தகமாகிவிட்டேன்.

ஏரியைச் சுற்றி ஊர். ஒரு பக்கம் பழைய குடியானவர்களின் ஓட்டு வீடுகள், மறுபக்கம் ஓலைக் குடிசைகள். குடிசைக்காரர்கள் நேற்றுவரை அந்த ஓட்டு வீட்டுக்காரர்களின் வயலில் நாற்று நட்டவர்கள். இன்று காலையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குச் சைக்கிள் மிதிக்கிறார்கள். வேப்பிலை தேடத் தொடங்கினேன். முதல் வாசலில் இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவது வீட்டில் மாட்டுக் கொட்டகைக்குக்கூடக் கட்டியிருந்தார்கள். நோட்டில் குறித்துக்கொண்டே போய், ஊரில் பாதிப் பேருக்குப் பெரியம்மை என்று என் கணக்கு சொன்னபோதுதான் ஒலிபெருக்கி கரகரத்து, கூழ் வாங்கப் பாத்திரம் எடுத்துக்கொண்டு எல்லோரும் கோயிலுக்கு வரச் சொன்னது.

"ஆடி மாசம் சார்," என்றாள் கன்னியம்மா. "எல்லா ஊட்டுலயும் தான் கட்டுவாங்க."

சிரித்திருக்கலாம். அவள் சிரிக்கவில்லை. நான் குறித்த பக்கத்தைக் கிழித்து எறிந்துவிட்டு, கோயிலடியில் அவர்கள் ஊற்றிய கேழ்வரகுக் கூழைச் சின்ன வெங்காயத்தோடு குடித்தேன். அந்த ஊரில் என் வயிறு மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். டீக்கடையில் இரண்டு மசால் வடை வாங்கி ஒன்றை அவளிடம் நீட்டினேன். விரதம் என்று கையை எடுத்துவிட்டாள்.

சாயங்காலம் "போய்ட்டு வரேம்மா" என்றேன். ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டவள் மாதிரி முகம் சுருங்கியது. ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தாள். இந்த ஊர்க்காரர்களுக்கு மரியாதை இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் குடிசைப் பக்கம் முழுவதும் நடந்தேன். நடை என்றால் வேடிக்கை பார்க்கிற நடை இல்லை. கிணற்றுக்கும் கக்கூஸ் போகிற கருவேலங் காட்டுக்கும் எத்தனை அடி, ஈ எங்கே மொய்க்கிறது, குழந்தைகளின் தலைமயிர் செம்பட்டையா, வயிறு முட்டியிருக்கிறதா, எந்தக் கையில் அம்மை குத்தின வடு இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் துரை மோசமானவன்தான், ஆனால் லயத்துக்கு ஒரு குழாயும் வாரத்துக்கு ஒரு முறை மருந்துக்காரரும் உண்டு. இங்கே ஏரியில் எருமை குளிக்கிறது, பக்கத்திலேயே ஒருத்தி குடத்தைச் சாய்க்கிறாள். எரிச்சல் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் செருப்பைத் திட்டினேன்.

ஏரிக்கரையின் கோடியில் ஒரு சந்து. எட்டு வீடுகள்தான். அங்கே போனபோது உச்சி வேளை. மற்றத் தெருக்களில் மூக்கைத் துளைத்த கருவாட்டுக் குழம்பு இங்கே இல்லை. கடுகு வெடிக்கவில்லை, மிளகாய் கருகவில்லை, வெங்காயம் வதங்கவில்லை. வெந்த சோற்றின் ஆவி மட்டும் கூரைகள் வழியாக எழுந்துகொண்டிருந்தது. நின்று நோட்டில் எழுதினேன்: 'கடைசிச் சந்து. எண்ணெய் வாங்கவும் வசதி இல்லை. சத்துணவுக் குறைவு.' கையெழுத்துகூட நன்றாக வந்தது.

ஒரு வாசலில் திடகாத்திரமான ஆள் ஒருவன் குந்தியிருந்தான். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. வேலை நாளில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறானே என்று அதையும் எழுதினேன்: 'ஆண்கள் வேலைக்குப் போவதில்லை.' சிகரெட்டை எடுத்துக்கொண்டு அவனிடம் நெருப்புக் கேட்டேன்.

"நெருப்பு இல்ல நைனா."

அவன் முதுகுக்குப் பின்னால் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. நான் அடுப்பைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். கன்னியம்மா அவசரமாக, "வா சார், இங்க ஒண்ணும் இல்ல," என்றாள்.

சந்தைத் தாண்டியதும் நின்றாள். "ஆவடியாண்ட முத்தாபுதுப்பேட்டைன்னு கீது சார். அங்க நாலு ஊட்டுல வந்துகீதுன்னு பேசிக்கறாங்க. நாளைக்கி அங்க போய்ப் பாரு."

துப்புக் கிடைத்த சந்தோஷத்தில் அவளுக்கு நன்றி சொன்னேன்.

மூன்றாம் நாள் அப்படியே போயிற்று. ஆவடி பஸ்ஸில் ஒரு மூட்டைப் புண்ணாக்கு என் மடிமேல் பயணம் செய்தது. முத்தாபுதுப்பேட்டையில் ஒவ்வொரு தெருவாக நடந்தேன். நன்றாகப் பெருக்கிய தெருக்கள். கொழுகொழு என்று குழந்தைகள். ஒரு வீட்டில் என்னைச் சினிமாவுக்கு ஆள் எடுக்க வந்தவன் என்று நினைத்து மகளைத் தலைசீவிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முத்தும் இல்லை, சொறி சிரங்குகூட இல்லை. திரும்பும்போது ஷிப்ட் விட்ட நேரம். ரோடு முழுக்கச் சைக்கிள்கள், டிபன் காரியர்கள். பஸ் அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்தது. லாட்ஜுக்கு வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்மணி சொன்னதை நம்பி ஒரு நாளைத் தொலைத்தேனே என்று அலுத்துக்கொண்டேன். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று யோசிக்கிற அளவுக்கு உடம்பில் தெம்பு இல்லை.

நான்காம் நாள் அறிக்கை எழுதிவிடுவது என்று தீர்மானித்து, டாக்டரைப் பார்க்கப் பட்டணத்துக்குப் பஸ் ஏறினேன். பஸ் குமணன்சாவடி வரைதான் போனது. முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. டிரைவர் இறங்கி, மூடியைத் திறந்து, கையைச் சுட்டுக்கொண்டு, பஸ்ஸின் தாயைத் திட்டினார். எல்லோரும் இறங்கினோம். நான் ஒரு சாப்பாட்டுக் கடையின் கீற்று நிழலில் ஒதுங்கினேன்.

உள்ளே யாரோ இரும்புச் சட்டியில் எண்ணெய் ஊற்றிக் கடுகைப் போட்டார்கள். பட பட என்று வெடித்தது. காய்ந்த மிளகாயின் காரம் வந்து தொண்டையில் இறங்கியது. இருமினேன். இருமிக்கொண்டிருக்கும்போதே, தலையில் யாரோ தட்டின மாதிரி எல்லாம் நினைவுக்கு வந்தது.

எனக்கு ஏழு வயது. லயத்தில் தம்பிக்கு அம்மை. அம்மா அடுப்பில் சட்டி வைக்கவே இல்லை. கருவாடு வேண்டும் என்று அழுததற்கு வாயிலேயே ஒன்று போட்டாள். தாளிக்கிற வாசனை அவன் மேல் படக்கூடாது. அதற்காக லயம் முழுக்கத் தாளிக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து யாருக்கும் நெருப்பும் உப்பும் கொடுக்கவில்லை. வந்தவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். அப்படிச் சொன்னால் ஆத்தாளை மறுபடி அழைத்த மாதிரி ஆகிவிடுமாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். எந்தப் பயிற்சியும் வேண்டாம், பிறந்தது முதல் தெரியும். தெரிந்தும், கெட்டிக்காரன் மாதிரி, எண்ணெய் வாங்க வசதி இல்லை என்று எழுதினேன்.

பஸ்ஸுக்காகக் காத்திருக்கவில்லை. அயனம்பாக்கம் பக்கம் வைக்கோல் ஏற்றிப் போன ஒரு மாட்டு வண்டியில் தொற்றிக்கொண்டேன். வண்டிக்காரர் வழியெல்லாம் மலாயாவில் மாடு என்ன விலை என்று கேட்டுக்கொண்டு வந்தார். என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை.

கன்னியம்மா அந்தச் சந்து முனையில் தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள். கேட்கக்கூடாது என்ற டாக்டரின் உத்தரவை மீறிக் கேட்டேன்.

"யார் வீட்டுலம்மா ஆத்தா வந்திருக்கா?"

"இன்னா சார் கேக்கற நீ?"

"இந்தச் சந்துல யாரும் தாளிக்கல. அந்த ஆள் நெருப்புக் குடுக்கல. நீங்க வடை வாங்கிக்கல. போய்ட்டு வரேன்னு சொன்னா உங்க முகம் மாறுது. எங்க அம்மாவும் இப்படித்தாம்மா இருந்தாங்க."

குடத்தை இறக்கி வைத்தாள். அதைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள்.

"எம் பொண்ணுக்குத்தான் சார். செல்விக்கு. இன்னிக்கி ஏழாம் நாளு." பிறகு வாசலில் நின்றிருந்த அந்தத் திடகாத்திரமான ஆளைக் கைகாட்டினாள். "அது என் ஊட்டுக்காரரு. வேலைக்கிப் போகாம அதுதான் பாத்துகினு கீது. நான் வேலைக்கி வராட்டி ஏன்னு கேப்பாங்களே."

"என்னை முத்தாபுதுப்பேட்டைக்கு அனுப்பினீங்களே."

"ஆமா சார், பொய் தான் சொன்னேன். வேற இன்னா பண்றது? எம் மூத்த புள்ளைய இப்புடித்தான் ஆஸ்பத்திரி வேன்ல ஏத்திகினு போனாங்க. பின்னாலயே ஓடனேன். கேட்டுக்குள்ள வுடல. மூணாம் நாளு முடிஞ்சிட்ச்சுன்னாங்க. மூஞ்சியக்கூட காட்டல சார். இவள அனுப்ப மாட்டேன். நீ இன்னா வேணா எழுதிக்க."

அவள் அழவில்லை. நான்தான் அழுதுவிடுவேன் போலிருந்தது. களைப்பு ஒரு காரணம். இரண்டு நாளாக என் பக்கத்திலேயே, பெற்ற பிள்ளையை அந்த நிலையில் விட்டுவிட்டு, ஒரு புத்தகத் தமிழ்க்காரனுக்குச் சாக்கடை காட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள்.

"வேன் வராது," என்றேன். அந்த வாக்கைக் கொடுக்க எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. "ஆனா சந்துல எல்லாருக்கும் அம்மை குத்தணும். பச்சைக் குழந்தை இருந்தா அதுக்கும். நீங்கதான் சொல்லிச் சம்மதிக்க வைக்கணும்."

எழுந்து குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "வேன் வந்திச்சு, உன்ன ஏரியில தள்ளிடுவேன்," என்றாள். அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

மஞ்சள் தண்ணீரில் காலைக் கழுவிவிட்டு உள்ளே போனேன். செல்விக்கு ஐந்து வயது இருக்கும். வேப்பிலை பரப்பிய வெள்ளைத் துணியில் கிடந்தாள். இடம் விடாமல் முத்து. ஏகாம்பரம் என்கிற அந்த அப்பா வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தார். நெருப்பு இல்லை என்றதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தார். குழந்தையின் இடது கண் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. வெளியே வரும்போது நானும் சொல்லிக்கொள்ளாமல் வந்தேன்.

டாக்டரோடு சண்டை போட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று மரியாதை பார்க்கிறேன் என்றார் அவர். நான் மேஜையைத் தட்டினேன் என்று பிறகு சொன்னார்கள். கடைசியில், வீட்டு வாசலில் காவல் போட்டு, வெளியார் நுழையாமல் பார்த்துக்கொண்டால் குழந்தை அங்கேயே இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். அந்தக் காவலுக்கும் கன்னியம்மாவையே போட்டார். மனிதர் அவ்வளவு மோசமில்லை.

ஐந்தாம் நாள் அம்மை குத்துகிறவர்கள் வந்தார்கள். கன்னியம்மா முன்னால் நடந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். "ஆத்தாளே உத்தரவு குடுத்துட்டா, வெளிய வா" என்று அதட்டினாள். யாரும் மறுக்கவில்லை. பக்கத்து வீட்டில் தூளியில் கிடந்த நாற்பது நாள் குழந்தையைக்கூட அவளே தூக்கிக் கொடுத்தாள்.

டாக்டர் செல்வியின் கண்ணை இமை விலக்கிப் பார்த்தார். கழுவினார், மருந்து விட்டார். கை கழுவ நான் தண்ணீர் ஊற்றியபோது சாதாரணமாகச் சொன்னார்: "உயிருக்குப் பயமில்லை. கண்ணுதான். ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமோ என்னமோ."

கன்னியம்மா வாசலில்தான் நின்றிருந்தாள். காதில் விழுந்துவிட்டது. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அந்த இரண்டு நாளில் ஒன்றை நான் நோட்டில் எழுதித் தொலைத்தேன், மற்றொன்றை அவள் முத்தாபுதுப்பேட்டைக்கு அனுப்பித் தொலைத்தாள்.

நோட்டில் எண்ணெய் வாங்க வசதி இல்லை என்ற வரியை அடித்தேன், ஆனால் படிக்க முடிகிற மாதிரிதான் அடித்தேன். கீழே நடந்ததையும் எழுதினேன். டாக்டர் படித்துவிட்டு அறிக்கையோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

பயிற்சி முடிந்து கப்பலேறுவதற்கு முன் ஒரு நாள் அயனம்பாக்கத்துக்குப் போனேன். ஆடி போய் ஆவணியும் முடிந்திருந்தது. வாசல்களில் வேப்பிலை இல்லை. அந்தச் சந்தில் வேறு யாருக்கும் வரவில்லை என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கன்னியம்மா வீட்டைப் பற்றி மட்டும் நான் அவரிடம் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது. ஏரிக்கரையில் திரும்பும்போதே மூக்கில் ஏறியது. கடுகு, மிளகாய், கருவாடு. குழந்தைக்குக் குணமாகித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் வீட்டில் தாளிப்பார்கள். குழந்தை போய்விட்டாலும் காரியம் முடிந்து தாளிப்பார்கள். சந்துக்குள் நுழையாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

"இன்னா சார், அங்கயே நின்னுகினு மோந்து பாக்கறே? உள்ள வா!"

கன்னியம்மாதான். உட்காரவைத்துத் தட்டு நிறையச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். வறுத்த துண்டு தனியாக. ஏகாம்பரம் வேலைக்குப் போயிருந்தார். செல்வி பாவாடையைச் சொருகிக்கொண்டு வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். முகத்தில் அம்மாவுடைய அதே தழும்புகள். இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. கட்டத்தின் கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவில்லை என்று சாதித்தாள்.

நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி எழுந்தேன். பழக்க தோஷத்தில் சொல்லாமலே நடக்கத் தொடங்கினேன்.

"இன்னா சார், சொல்லாமப் போற?" என்றாள் கன்னியம்மா. "இப்ப சொல்லலாம்."

"போய்ட்டு வரேம்மா," என்றேன்.

"போய்ட்டு வா," என்றாள். "செல்வி, மாமாவுக்குச் சொல்லுடி."

நான் குழந்தையின் இடது பக்கம் நின்றிருந்தேன். அவள் முதலில் ஏரியைப் பார்த்தாள், பிறகு தலையை முழுக்கத் திருப்பி வலது கண்ணுக்குள் என்னைக் கொண்டுவந்தாள். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்தாள்.

"போய்ட்டு வா மாமா."